டீசல் குறையாத கப்பல்

மாலதி (மனதுக்குள்): இவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் என் கண் காட்டிக்கொடுத்துவிடும். கடற்படைக்குக் கணக்குப் போடுகிறவள் வடமதுரையில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஏன் இப்படி வயிறு எரிகிறது?

ஜோதிமணி: என்னடி மாலதி, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன்... கேக்குறியா?

மாலதி: கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். விசாகப்பட்டினத்துல குவார்ட்டர்ஸ், பால்கனில நின்னா கடல்... அப்புறம்?

ஜோதிமணி: கிண்டலா?

மாலதி: சேச்சே. ஒரே கைடுகிட்டத்தான் பிஎச்.டி. பண்ணோம். நீ கப்பலுக்குக் கணக்குப் போடுற, நான் காலேஜ்ல விடைத்தாள் திருத்துறேன். அம்புட்டுதான்.

ஜோதிமணி: அந்தக் கணக்குலதான்டி சிக்கல். நடுக்கடல்ல பத்துப் போர்க்கப்பல். டீசல் குடுக்க ஒரே ஒரு சப்ளைக் கப்பல். எப்ப, எங்க, எந்தக் கப்பலுக்குன்னு என் புரோகிராம் அட்டவணை போடணும். ஒத்திகை பாத்தா... மூணு கப்பல் ஒரே நேரத்துல வறண்டு நிக்குது!

மாலதி: அடப்பாவமே.

ஜோதிமணி: திங்கக்கிழம ஆபீசருங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும். சொதப்புனா புராஜெக்ட வேற டீமுக்குக் குடுத்துருவாங்க. இந்தப் புரோகிராம் பத்தின என் கட்டுரைய அனுப்புனேனே, படிச்சியா?

மாலதி: எங்க நேரம்...

ஜோதிமணி: செத்த நேரம் பாருடி. எங்க தப்புன்னே புரியல.

மாலதி: தண்ணி லாரி ஓட்டுறானே என் தம்பி, அவனக் கேளு. கன்னிவாடிப் பக்கம் போனா, காலித் தொட்டிக்கு மட்டுமா ஊத்துறான்? போற வழியில பாதி கிடக்குற தொட்டியையும் ரொப்பிட்டுத்தான் வருவான். நீ அறுபது சதவீதத்துக்கு மேல டீசல் இருந்தா அந்தக் கப்பலக் கணக்குலயே சேக்க மாட்டேங்குற...

ஜோதிமணி: அறுபதுன்னு நான் சொல்லவே இல்லையே.

மாலதி: காபி ஆறுது பாரு, எடுத்துக் குடி.

ஜோதிமணி: படிச்சிருக்க!

மாலதி: சரி, படிச்சேன்.

ஜோதிமணி: எல்லாக் கப்பலையும் சேத்தா கணக்கு முடியவே மாட்டேங்குது, நாள்கணக்குல ஓடுது. அதான் வெட்டுனேன். வேற வழி தெரியுமாடி உனக்கு? எழுதிக் குடு. உன் பேரையும் போடுறேன்.

மாலதி: இப்பத்தான் என் பேரு ஞாபகம் வந்துச்சாக்கும்.

ஜோதிமணி: இல்ல... ஒண்ணு சொல்லிர்றேன். போன வருசமே எங்க டைரக்டர் உன்னை டீமுக்குக் கூப்பிடச் சொன்னாரு. அவ வீட்ட விட்டு வரமாட்டான்னு நானே சொல்லிட்டேன்.

மாலதி: எங்கிட்டக் கேக்காமலேயா?

ஜோதிமணி: நீ வந்தா என்னை யாருடி பாப்பாங்க? படிக்கிறப்பவே எப்பவும் நீதான் முதல்ல போட்டு முடிப்ப... திட்டு. திட்டிட்டு எழுதிக் குடு.

மாலதி: திட்டல. நீயும் பொறாமப்பட்டன்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எழுதித் தராதது அதுக்காக இல்ல, ஜோதி. கட்டுரை வந்த வாரமே தப்பு தெரிஞ்சுருச்சு. கணக்கச் சுருக்குற வழியும் கெடச்சிருச்சு. நாலு மாசமா நோட்டுல கிடக்கு. ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்... அம்புட்டுப் பேரு முன்னாடி நீ முழிக்கணும்னு பேசாம இருந்தேன். அந்த ஆசை இன்னும் போகல. தரமாட்டேன்டி. காபியக் குடி.