கண்ணு பட்டிருக்கும்மா!

கதவைச் சாத்தாதே தங்கச்சி! நான் ஒண்ணு சொல்ல வந்தா வாய் வேற ஒண்ணைச் சொல்லித் தொலைக்கும். அந்தப் பயத்துலதான் மத்தியானத்துலேர்ந்து மூணு தடவை உன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.

எட்டு நாளா உன்கிட்ட நான் பேசலையே, ஏன்னு தெரியுமா? தெரியாதா? இந்த மாடி முழுக்கத் தெரியுமே... நான்தானே சொன்னேன்! சரி, இரு, முதல்லேர்ந்து வரேன்.

முதல்ல எனக்கு வலது கண்ணு மட்டும்தான் செவந்துது. பீளைன்னா அப்படி ஒரு பீளை. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தார். அதைப் போட்டா கன்னத்துல வழியுது, கழுத்துல வழியுது... ரவிக்கை குணமாகுது, கண்ணு குணமாகலை! வீணாகக் கூடாதுன்னு பாட்டில் மூக்கை இமையிலயே வச்சு அழுத்தினேன், நல்லா இருந்த இடது கண்ணுலயும் சேத்து. ஆமா, வச்சேதான். அப்படிப் பாக்காதே.

அப்பத்தான் நீ மாடிப்படியில, "விடுங்கக்கா, இடது கண்ணு பளிச்சுன்னு அழகா இருக்கே"ன்னு ஆறுதல் சொன்னே. மறுநாள் இடது கண்ணும் செவந்துடுச்சு! மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கண்ணு பட்டிருக்கும்மா"ன்னார். எனக்கு அது போதாதா? மேல என்னமோ சொன்னார், யார் நின்னு கேட்டா? நேரா வந்து உன் வீட்டைப் பாத்த எங்க ஜன்னலைப் படார்னு சாத்தினேன்.

இன்னைக்கு டாக்டரும் அதையே சொல்றார்! "பாத்தீங்களா, எதிர்வீட்டுக்காரிதான்"னு ஆரம்பிச்சேன். அவர் தலையில கை வச்சுட்டார். "எதிர்வீடு இல்லம்மா, உங்க கண்ணுதான்! பாட்டில் மூக்குல பட்டு, கிருமி மருந்துக்குள்ள போய், இந்தக் கண்ணுக்கும் வந்திருக்கு"ன்னார்.

சிரிக்காதேடி... சரி, சிரி. நீ சிரிச்சாத்தான் எனக்கு மூச்சே வருது. அத்தனை வீட்லயும் போய், "பட்டது என் கண்ணேதான்"னு சொல்லிட்டுத்தான் இங்க வந்திருக்கேன்.

பழைய பாட்டிலைக் குப்பையில போட்டாச்சு. இது புதுசு. நுனி எதுலயும் படக் கூடாதாம். கீழ் இமையை இழுத்துப் பிடிச்சு, மேலேர்ந்து ஒரே ஒரு சொட்டு. கண்ணு தெளிஞ்சாலும் டாக்டர் சொன்ன ஏழு நாளும் போடணுமாம். எனக்கோ கை நடுங்குது. எங்க வீட்டுக்காரர் போட்டார், முதல் சொட்டு மூக்குல, ரெண்டாவது வாயில. நீ தையல்காரி, ஊசியில நூல் கோக்கற கை... போட்டு விடறியா?

ஐயையோ, அப்படியே வர்றியே! முதல்ல போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்கயே, எதையும் தொடாம நிக்கறேன்.