எலி கடித்த ஷேட் கார்டு

சம்சாரம்: கண்ணை நல்லாத் தொறங்க.

பெயிண்டர்: இதுக்கு மேல தொறந்தா முழி கீழ விழுந்துரும். நீதான் குனிஞ்சு பொறுக்கணும்.

சம்சாரம்: ஆடாதீங்க... ஜன்னல் பக்கம் திரும்புங்க... ஆங். ஆறு.

பெயிண்டர்: நேத்து?

சம்சாரம்: ஏழு.

பெயிண்டர்: எவளாவது புருஷன் கண்ணுல பெயிண்ட் ஷேட் கார்டை வச்சுப் பாப்பாளா? எதுத்தாப்புல உக்காந்திருக்கவரு சிரிக்கிறாருடி.

சம்சாரம்: சிரிக்கட்டும். முப்பது வருஷமா கண்டவங்க சுவத்துக்கெல்லாம் இதை வச்சுத்தானே கலர் பாத்தீங்க. உங்களுக்குப் பாத்தா மட்டும் குத்தமா?

பெயிண்டர்: அது சரி... இந்தக் கார்டுல மஞ்சள் மட்டும் வெளுப்புலேர்ந்து அடர்த்தி வரைக்கும் இருபது இருக்கும். இது பன்னெண்டோட நிக்குதே. மிச்சம் எங்க?

சம்சாரம்: எலி கடிச்சிருச்சு.

பெயிண்டர்: இவ்ளோ நேராவா? ஸ்கேல் வச்சா கடிச்சுது?

சம்சாரம்: பெயிண்டர் வீட்டு எலி அப்படித்தான் கடிக்கும். அது கெடக்கட்டும்... சட்டைப் பாக்கெட்டை ஏன் பொத்திப் பொத்தி வைக்கிறீங்க? சிகரெட்டா?

பெயிண்டர்: டோக்கன் சீட்டு.

சம்சாரம்: டோக்கன் என் கையில இருக்கு.

பெயிண்டர்: ...அப்ப இது வேற சீட்டு.

சம்சாரம்: பித்தக் குழாய்ல கட்டி அடைச்சு, உடம்பெல்லாம் மஞ்சளாகி, சொறிஞ்சு சொறிஞ்சு நகமே தேஞ்சு போச்சு. உள்ள டியூப் வச்சு பத்து நாள்தான் ஆகுது. அதுக்குள்ள சிகரெட்டு!

பெயிண்டர்: மெதுவா பேசுடி... அவரு சிரிக்கறத நிறுத்திட்டாரு.

சம்சாரம்: ஏங்க...

பெயிண்டர்: ம்.

சம்சாரம்: வழக்கமான கேன்சரா இருந்தா கஷ்டம்னு டாக்டர் அன்னைக்கு இழுத்தாரே... அது தெரியப் போறது இன்னைக்குத்தானே?

பெயிண்டர்: எடுத்த துணுக்கை லேப்ல ரெண்டாவது தடவை பாக்குறாங்கன்னா என்ன அர்த்தம்? மொதக் கோட்டு சரியாப் பிடிக்கலன்னு அர்த்தம்.

சம்சாரம்: எல்லாத்துக்கும் பெயிண்டுதானா உங்களுக்கு! எந்திரிங்க, நம்ம நம்பரைக் கூப்புடுறாங்க.

டாக்டர்: வாங்க, உக்காருங்க. ரிப்போர்ட் வந்துருச்சு. ஸ்கேன்ல பாத்தப்ப வழக்கமான பித்தக் குழாய் கேன்சர்னுதான் நெனச்சோம். ஆனா எடுத்தனுப்புன துணுக்கைப் பாத்துட்டு லேப்ல சந்தேகப்பட்டாங்க. செல்லு எல்லாம் ஒரே அளவா, கூட்டம் கூட்டமா இருந்துச்சாம். அதான் தனியா ஒரு சாயம் போட்டுப் பாத்தாங்க.

பெயிண்டர்: எத்தனை கோட்டு டாக்டர்?

சம்சாரம்: வாயை மூடுங்க.

டாக்டர்: ஹார்மோன் சுரக்கற செல்லா இருந்தா அந்தச் சாயம் பழுப்பாப் பிடிக்கும்.

பெயிண்டர்: பிடிச்சுதா?

டாக்டர்: நல்லாப் பிடிச்சிருக்கு. இதுக்குப் பேரு நியூரோஎண்டோகிரைன் கட்டி. இதுவும் கேன்சர்தான், மறைக்க மாட்டேன். ஆனா இந்த எடத்துல வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்.

பெயிண்டர்: அவரு நல்லா இருக்காரா?

டாக்டர்: அது நீங்கதான் சார்.

சம்சாரம்: டாக்டர்... அபூர்வம்னா நல்லதா, கெட்டதா?

டாக்டர்: இவருக்கு வந்திருக்கறது மெதுவா வளர்ற ரகம்மா. வேற எங்கயும் பரவுன மாதிரி தெரியல. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்னு நம்பிக்கை இருக்கு. மஞ்சள் மட்டும் இன்னும் கொஞ்சம் எறங்கணும்.

சம்சாரம்: எறங்கிருச்சு டாக்டர்! ஆறு!

டாக்டர்: என்ன ஆறு?

பெயிண்டர்: அது எங்க வீட்டு லேப் டாக்டர்... நாங்க வர்றோம். வா, வா.

சம்சாரம்: கையை விடுங்க. அழ மாட்டேன்.

பெயிண்டர்: மூக்கு வேற சொல்லுதே.

சம்சாரம்: அதை விடுங்க. வெளிய வந்தாச்சுல்ல... பாக்கெட்ல என்னன்னு இப்பக் காட்டுங்க.

பெயிண்டர்: வேணாம்டி...

சம்சாரம்: காட்டுங்கன்னா... ஐயோ. பதிமூணுலேர்ந்து இருபது... இது எங்கங்க கெடச்சுது?

பெயிண்டர்: நம்ம வீட்டுக் குப்பைக்கூடையில. டியூப் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் 'பத்துதாங்க'ன்னு சொன்னேல்ல... அன்னைக்குப் பாத்ரூம் கண்ணாடியில இதை வச்சுப் பாத்தேன். பதினெட்டு.

சம்சாரம்: ...அப்பவே கேட்டுருக்கலாம்ல? ஆனா இன்னைக்கு ஆறுன்னது சத்தியமா நெஜம்ங்க.

பெயிண்டர்: தெரியும். காலையில பாத்தேன், இந்தத் துண்டுல ஒரு கட்டம்கூட என் கண்ணோட ஒத்துப் போகல. அன்னைக்கு நீ 'பத்து'ன்ன, நான் 'அப்பாடா'ன்னேன். எத்தனையோ நாளைக்கப்புறம் அப்பத்தான் நீ கொறட்டை விட்டுத் தூங்குன... எலியைக் காட்டிக் குடுக்க மனசு வரலடி.