கனடாக்காரன் பேய்ப்படமும் என் கடவாப் பல்லும்

அந்த ஊசிய தட்டுல வைங்க டாக்டரம்மா, பேசி முடிச்சிடறேன். பல்லு எங்கயும் ஓடிப்போகாது. பயமா? எனக்கா? ஜோகுபாளையத்துல பழைய பீரோ, கட்டில் வாங்கி வித்து, ஊரையே மெரட்டி பேரம் பேசி மேல வந்தவன் இந்தப் பெருமாள்சாமி. எத்தினி பேர் பல்ல ஒடைக்கறேன்னு சொல்லியிருப்பேன், எம்பல்லுக்கா பயப்படுவேன்?

எங்க விட்டேன்? ஆங், அந்தக் காலத்து கனடா பேய்ப்படம். ஒரு மரவீடு, சுத்தி பனி, நாலு பசங்க, ஒரு கோடாலி. அவ்ளோதான் படம். பேய் வருது பாருங்க, குளுருல அதுக்கே பல்லு தந்தியடிக்குது. ரத்தம் அப்படியே ரோஸ் சர்பத்து.

சிரிக்காதீங்க, எனக்குக் கோவம் வரும். இப்ப கோடி கோடியா கொட்டி கம்ப்யூட்டர்ல பேய் பண்றானுங்க, பாத்தா தூக்கந்தான் வருது. கனடாக்காரன் கைல காசில்ல, அதனால முக்காவாசி நேரம் பேயவே காட்ட மாட்டான். கதவு மட்டும் லேசா ஆடும். நான் போர்வைய இழுத்து மூடிப்பேன். தெனம் பீரோக் கதவாத் தொறந்து மூடற மனுசன், ஒரு கதவுக்கா இந்த நடுக்கம்னு எம்பொண்டாட்டி முத்தம்மா கேக்கறா.

ஒரு படத்துல ஒரே ஆளு ரெண்டு வாட்டி சாவறான். மொதல்ல போலீசு, அப்பறம் மீசைய எடுத்துட்டு பால்காரன். ஆள்கூலி மிச்சம். இவன் நம்ம ஆளும்மா.

இன்னொண்ணு தெரியுமா? அந்தப் படங்களுக்குப் பணம் போட்டதுல உங்கள மாதிரி பல்டாக்டருங்களும் உண்டு. நெசந்தான், வரிச்சலுகை இருந்துச்சாம். அய்ய, ஹேண்ட்பேகப் பாக்காதீங்க, உங்ககிட்ட நான் பைசா கேக்கல.

வெளிய ஆளுங்க காத்திருக்காங்களா? ஸ்வல்ப, கொஞ்ச நேரம் இருக்கட்டும். வலியா, உயிர் போவுது. கஞ்சிதான் குடிக்கறேன். ஆனா இப்ப புடுங்க வேணாம்.

அட, ஊசிய எடுக்காதீங்கன்னா. சரி, சொல்லிடறேன், நீங்க கோவப்படக் கூடாது. நம்ம குடோன்ல நானும் ஒரு பேய்ப்படம் எடுக்கறேன். அதுல காட்டேரிக்குப் பல்லு புடுங்கற சீன் வருது. காட்டேரி நாந்தான். இங்க நாற்காலி, லைட்டு எல்லாம் இருக்கு, ரத்தம் எப்பிடியும் வரப்போவுது, சர்பத்து செலவும் இல்ல. படம் புடிக்கற முகேஷு கேமராவோட பொம்மசந்திராலருந்து கெளம்பிட்டான், சில்க் போர்டு டிராபிக்ல மாட்டிக்கிட்டு நிக்கறான். அவன் வந்ததும் புடுங்கிடுங்க.

ஒரே டேக்குல முடிக்கணும் டாக்டரம்மா. எங்கிட்ட வேற சொத்தப் பல்லு இல்ல.