ஜீப்பைக் கண்டு ஓடியவர்கள்

சிவகாசிப் பேருந்தில் என் முன் இருக்கையில் பட்டாசு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"விஞ்ஞானிகளப் பாத்து வேலி தாண்டி ஓடுன ஆளுக நாமதான்க்கா."

"ஜீப்பு வந்தா ஓடித்தானடி பழக்கம். ரூமுக்கு நாலு பேருன்னு சட்டம், நாம எம்புட்டுப் பேரு! ரெய்டுன்னு நெனச்சிட்டோம்."

"புகை கம்மியான புது மருந்துல வெடி செய்யுறதப் பாத்து அரசாங்கத்துக்கு எழுத வந்தாகளாம்."

"அந்த விஞ்ஞானியம்மா முள்ளுக்காட்டுக்குள்ளயே வந்து கூப்பிட்டாகல்ல. நல்லவேள, திரும்புனோம். அவுக எழுதுனதாலதான் மூடப் போறதாச் சொன்ன கம்பெனிய மூட வேண்டாம்னு உத்தரவு வந்திருக்கு."

"ஆனா இனி ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடமாட்டாகளாமே. கடைசியாச் சேந்தவ நான்தான்க்கா."

"புதுசா ரூமு கட்டியாச்சுடி. உன்னையும் வரச் சொல்லிட்டாக."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ராத்திரி பூரா நான் தூங்கல."