தோலுக்கு ஒரு நியாயம், பூட்ஸுக்கு ஒரு நியாயம்

செவ்வாய்க்கிழமை நம் கன்சர்வேட்டிவ் கட்சிச் சங்கக் குழு சரிபாதியாகப் பிளந்தது; குழுத்தலைவன் என்பதால் முடிவு செய்யும் ஒற்றை வாக்கு என் தலையில் விழுந்தது.

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே, வெல்ஸ்டன் நகரத்து மூத்தோரே, அன்புமிகு தாய்மார்களே, முன்வரிசையில் முறைத்தபடி அமர்ந்திருக்கும் தோல்பட்டறை நண்பர்களே! இந்த ஜோசையா பெக்வித்தின் வணக்கம்.

கேள்வி என்ன? இருபதாண்டு நமக்காகப் பாராளுமன்றம் சென்ற ஆம்ப்ரோஸ் தர்ல்பி அவர்களை மீண்டும் நிறுத்துவதா, நீக்குவதா? கோதுமை முதல் பூட்ஸ் வரை அயல்நாட்டுச் சரக்குக்கெல்லாம் வரி வேண்டும் என்கிறது ஒரு பாதி. துறைமுகம் திறந்தே கிடக்கட்டும் என்கிறார் தர்ல்பி. "ரொட்டிக்கு வரின்னு சொல்ல எனக்கு வாய் வராதுப்பா. அதுக்காக என்னை வீட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க," என்றார் என்னிடம்.

நான் யார்? பூட்ஸ் தைத்து விற்பவன். அமெரிக்க பூட்ஸ் வந்து என் வயிற்றில் அடிக்கிறது. வரி வேண்டும்! வந்தே தீர வேண்டும்! பொறுங்கள், அதற்குள் கைதட்டாதீர்கள். என் பூட்ஸை எந்தத் தோலில் தைக்கிறேன்? அமெரிக்கத் தோலில்! எந்த இயந்திரத்தில்? அமெரிக்க இயந்திரத்தில்! இதோ, மேடையில் வீற்றிருக்கும் என் மனைவி கான்ஸ்டன்ஸ் போட்டிருப்பது எந்த நாட்டு பூட்ஸ்? கேட்டால், "உங்களுது கடிக்குதுங்க. இது கடிக்கல. நான் என்ன பண்ண?" என்கிறாள். சிரியுங்கள், சிரியுங்கள்!

குழுவில், தர்ல்பியை நீக்கச் சொல்லும் பாதியில் இருக்கும் தோல்பட்டறை டட்லி காப் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உம்ம பூட்ஸுக்கு வரி வேணும், என் தோலுக்கு வேணாமா? நல்லா இருக்குய்யா நியாயம்!"

"தோலுக்கு வரி போட்டா என் பூட்ஸ் விலை ஏறும்யா!"

"பூட்ஸுக்குப் போட்டா மட்டும் இறங்குமா? என் வீட்டுல ஏழு பிள்ளைங்க. எல்லாம் வெறுங்காலோட திரியட்டுமா?"

அங்கே ஒருவர் கேட்கிறார், "நீ எந்தப் பக்கம்?" என்று. ஐயா, கட்சி தெரிகிறது, பக்கம்தான் தெரியவில்லை! காலையில் வரி வேண்டுகிறேன், மாலையில் வரிக்கு அஞ்சுகிறேன். லண்டனில் அமைச்சர்களே இதில் பிரிந்து போனார்கள்; வெல்ஸ்டனில் நான் எம்மாத்திரம்?

குழம்பிய நெஞ்சிலும் ஒன்று தெளிவு. வாக்குக்காக ஒருநாளும் பொய் சொல்லாதவர் தர்ல்பி. அவரையா நாம் இழப்பது? ஒரு வரிக்காகவா இழப்பது? விடமாட்டேன்! கொள்கை பேச எனக்குத் தெரியாது; பேரம் பேசத் தெரியும். காப்பின் வாக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் என் ஒற்றை வாக்குக்கே வேலையில்லை அல்லவா? இன்று காலை காப்பின் பட்டறைக்கே போனேன். முடித்தேன்.

பொறுத்துக் கேட்ட பெருமக்களே, உங்களுக்கு நன்றியும் வணக்கமும் கூறி, முடிந்த பேரத்தையும் கூறி இறங்குகிறேன்: காப்பின் வாக்கு தர்ல்பிக்கு; அதற்கு ஈடாக, எனக்கு வேண்டிய தோலில் பாதியை, மூன்றாண்டு, அமெரிக்க விலைக்கு மேல் ராத்தலுக்கு அரைப் பென்னி கூட்டிக் கொடுத்து, காப்பிடமே வாங்குவேன்.