எத்தனை வருஷத்துக்குப் போடலாம்?

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்ததும் எனக்கு முன் சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஒருவர் போன மாதம்தான் ரிட்டயர் ஆன வாத்தியார். இன்னொருவர் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, பல வருஷமாகப் பென்ஷன் வாங்குகிறவர். மடியில் பாஸ்புக் வைத்திருந்தார்.

“டெபாசிட்டுக்கு யோசனை சொல்ற ஒருத்தர் இருக்கார். அவர் சொன்ன வருஷம் இதுவரைக்கும் தப்பினதே இல்ல சார்,” என்றார் பெரியவர்.

“கமிஷன் எவ்வளவு கேப்பார்?”

“காபிகூடக் குடிக்க மாட்டார். நம்ம முகத்தையே கொஞ்ச நேரம் பாப்பார். எத்தனை வருஷத்துக்கு டெபாசிட் போடலாம்னு மட்டும் சொல்வார்.”

“வட்டி பத்தி?”

“அதை பேங்க்ல கேட்டுக்கலாமே. நம்ம கணக்கு வாத்தியார் பத்து வருஷம்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னார். இவர் ரெண்டே வருஷம் போதும்னுட்டார்.”

“அப்புறம்?”

“ரெண்டாம் வருஷம், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட, அவர் சம்சாரம்தான் போய்ப் பணத்தை வாங்கிட்டு வந்தாங்க.”

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று கடக்க ஆரம்பித்தது. அது முழுசாகப் போனதும் புதிதாக ரிட்டயர் ஆனவர் கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை வருஷம் சொன்னார்?”

“காலையிலதான் பாத்தேன். எதுலயும் போட வேண்டாம், சேவிங்ஸ்லயே கிடக்கட்டும்னுட்டார். நாமினி பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கச் சொன்னார். அதான் பேங்குக்குப் போறேன்.”

கேட் திறந்தது.

“நாளைக்கு என்னையும் அவர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா சார்?”

“நாளைக்கா?” பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “இன்னிக்கே போயிடுவோம் சார்.”