கடதாசியில் அருமை, டேப்லெட்டில் நீளம்

"கடதாசியில கேட்டா எங்கட கொயர் அருமையாம். டேப்லெட்டில கேட்டா பாட்டு நீளமாம். அதே ஆக்கள், அதே கேள்வி, அன்ரி!"

மோர்டன் போகும் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த பல்கலைக்கழக மாணவி, தேவாலயப் பாடகர் குழுவைப் பற்றித் தான் எடுத்த கருத்துக்கணிப்பை இப்படிச் சொன்னதும், காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் அதே தேவாலயத்துக்கு வரும் ஒரு அன்ரி.

"கடதாசியை ஆர் சேர்த்தது?"

"பூசை முடிய அம்மாதான் வாசலில நிண்டு வாங்கினவ."

"கொயரை நடத்துறதே உன்ர அம்மா, பிள்ளை! அவவின்ர கையில குடுக்கிறதில ஆர் உண்மை எழுதுவினம்?"

"பேர் போடச் சொல்லேல்லையே!"

"எங்கட கையெழுத்து அவவுக்குத் தெரியும்."

"இண்டைக்கு அம்மா முடிவைக் கேக்கப்போறா, அன்ரி. எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"கடதாசியில அருமை எண்டு."

"டேப்லெட்டில?"

அன்ரி சிரித்தார். பிறகு கைப்பைக்குள் பேனை தேடினார். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது, நான் எழும்பவில்லை.

"மடியில வச்சிருக்கிற கட்டைத் தா, என்ர கடதாசியை எடுக்கிறன். நீளம் எண்டு மாத்தி, பேரும் போட்டுத் தாறன். முதல்ல இதைக் காட்டு."

"அம்மா கோவிச்சா?"

"கோவத்திலயாவது ஒரு பாட்டைக் குறைப்பா."